லேப்டாப் மேல் ஒரு தலையாட்டிப் பொம்மை

இரவு வேலை முடிந்து லேப்டாப்பை மூடியதும் அதன் மேல் ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை வைத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன். காலையில் அதை நகர்த்தாமல் மூடியைத் திறக்க முடியாது. கை பட்டதும் பொம்மை இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, மெல்ல நிமிரும். ஆட்டம் அடங்குவதற்குள் எனக்கு அன்றைய முதல் வேலை ஞாபகம் வந்துவிடும்: பில்லை அனுப்பிவிட்டுத்தான் மற்றதெல்லாம். முந்தைய இரவே பொம்மையைப் பார்த்து, வாய்விட்டு, அதைச் சொல்லி வைத்திருப்பேன்.

வீட்டில் இருந்தபடி மொழிபெயர்ப்பதும் மெய்ப்புப் பார்ப்பதும் என் தொழில். முன்பு ஒரு பத்திரிகை அலுவலகத்தில் இருந்தேன். தனியாக வந்த முதல் வருடம், முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்றை வாக்குக் கொடுத்த நாளுக்கு முன்பே முடித்துக் கொடுத்தேன். அதற்கான பில்லை அனுப்ப இரண்டு மாதம் ஆனது. பணம் தேவைப்படாமல் இல்லை. சோம்பலும் இல்லை. குளிக்கும்போது ஞாபகம் வரும். பஸ்ஸில் ஞாபகம் வரும். மேஜைக்கு முன் உட்கார்ந்தால் மட்டும் வராது. இது என் குறை மட்டும்தானா என்று தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான், 'செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய நேரத்தில் நினைப்பது' என்ற ஒற்றைக் காரியத்தை ஆராய்வதற்கென்றே உளவியலில் ஒரு துறை இருப்பது தெரிந்தது.

அதில் என்னை மிகவும் பாதித்தது 1991இல் லண்டனில் டிம் ஷாலிஸ், பால் பர்ஜெஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு. தலையில் அடிபட்டு, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி சேதமான மூன்று பேரை அவர்கள் சோதித்தார்கள். மூவருக்கும் அறிவுத்திறன் நன்றாகவே இருந்தது. பேச்சு, கணக்கு, பழைய ஞாபகம் எதிலும் பெரிய குறை இல்லை. ஆனால் அன்றாட வாழ்க்கை சிதறிக் கிடந்தது. ஏன் என்று பார்க்க அவர்களை ஒரு கடைவீதிக்கு அனுப்பினார்கள். ரொட்டி போன்ற சில பொருள்கள் வாங்க வேண்டும். தக்காளி என்ன விலை, நேற்று பிரிட்டனிலேயே மிகக் குளிராக இருந்த ஊர் எது என்பது மாதிரி சில தகவல்களை விசாரித்துத் தபால் அட்டையில் எழுத வேண்டும். புறப்பட்ட கால் மணி நேரத்தில் ஓரிடத்தில் போய் நிற்க வேண்டும். எந்த வேலையும் கடினமில்லை. தனித்தனியாகக் கொடுத்திருந்தால் மூவரும் முடித்திருப்பார்கள். ஒன்றாகக் கொடுத்து, யாரும் கூட வராமல், 'நீங்களே பார்த்துச் செய்யுங்கள்' என்று விட்டபோது தடுமாறினார்கள். மேஜையில் வைத்துச் செய்த இன்னொரு சோதனையிலும் இதே கதை. கால் மணி நேரத்தில் ஆறு வேலைகளையும் கொஞ்சம் கொஞ்சம் தொட வேண்டும். அவர்கள் சிலவற்றிலேயே தங்கிவிட்டார்கள்.

அந்த மூவரின் காயம் எனக்கு இல்லை, அந்த அளவுக்கு ஒப்பிடவும் கூடாது. ஆனால் 'நீங்களே பார்த்துச் செய்யுங்கள்' என்ற அந்தக் கட்டளைதான் சுயதொழில் செய்பவரின் ஒவ்வொரு நாளும். டெய்லர் கடை வைத்திருப்பவர், வீட்டிலேயே கேக் செய்து விற்கும் பெண், தனியாக வரைபடம் போட்டுத் தரும் பொறியாளர் எல்லோருமே கடைவீதியில் பட்டியலோடு இறக்கிவிடப்பட்டவர்கள்தான். அலுவலகத்தில் இருந்தவரை பதினொரு மணி என்றால் டீக்காரப் பையன் வருவான். பக்கம் முடிக்கும் நேரம் நெருங்கினால் அறையின் சத்தமே மாறும். எதிர் நாற்காலிக்காரர் பையை எடுத்தால், வவுச்சரில் கையெழுத்து வாங்காதது சட்டென்று உறைக்கும். இவர்களில் யாருமே எனக்கு எதையும் ஞாபகப்படுத்த வந்தவர்கள் அல்ல. இருந்தாலும் என் நெற்றி செய்ய வேண்டிய வேலையில் பாதியை அந்தக் கட்டடம் செய்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தபோது நாற்காலியையும் கணினியையும் கொண்டுவந்தேன். அந்தப் பாதி அங்கேயே தங்கிவிட்டது.

இந்த வகை ஞாபகத்தை வருங்கால நினைவு என்று சொல்லலாம். அமெரிக்காவின் கில்ஸ் ஐன்ஸ்டைன், மார்க் மெக்டேனியல் இருவரும் 1990இல் இதைப் பரிசோதனைக் கூடத்துக்குள் கொண்டுவர ஒரு வழி கண்டார்கள். ஒருவருக்கு மும்முரமான ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, 'நடுவில் குறிப்பிட்ட சொல் கண்ணில் பட்டால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள்' என்று சொல்லிவைப்பது. கேட்க எளிது. ஆனால் அந்தச் சொல் வரும்போது அவர் வேறு எதிலோ மூழ்கியிருப்பார். 'இப்போது ஞாபகப்படுத்திக்கொள்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். நினைக்க வேண்டும் என்பதையே நினைக்க வேண்டியிருக்கிறது, பழைய பாடத்தை ஒப்பிப்பதற்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

இந்த நினைவில் இரண்டு வகை உண்டு. ஒன்று நிகழ்ச்சியைப் பிடித்துக்கொள்வது: மருந்துக் கடையைக் கண்டதும் மாத்திரை ஞாபகம் வருவது. மற்றது நேரத்தைப் பிடித்துக்கொள்வது: மூன்று மணிக்கு ஒருவரை அழைக்க வேண்டும் என்பது. இரண்டாவது பெரும்பாலும் சிரமம், ஏனென்றால் மூன்று மணி என்பது கண்ணுக்குத் தெரிகிற பொருள் இல்லை. நாமாகவே போய்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 1985இல் செசி, பிரான்ஃபென்பிரென்னர் என்ற இருவர் பத்து வயது, பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் இதைப் பார்த்தார்கள். அடுப்பில் கேக் வெந்துகொண்டிருக்கிறது, அரைமணி கழித்து எடுக்க வேண்டும், அதுவரை வீடியோ விளையாட்டு ஆடலாம். தங்கள் வீட்டிலேயே இருந்த பிள்ளைகள் தொடக்கத்தில் கடிகாரத்தை அடிக்கடி பார்த்தார்கள்; நடுவில் பார்ப்பதையே விட்டு விளையாட்டில் ஆழ்ந்தார்கள்; முடியும் நேரத்தில் மீண்டும் அடிக்கடி பார்த்தார்கள். முதலில் அடிக்கடி பார்த்தது தங்களுக்குள் இருந்த கடிகாரத்தை வெளிக் கடிகாரத்தோடு ஒத்துப்போக வைக்க என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எனக்கு இந்தப் பிள்ளைகள்மேல் பெரிய மரியாதை. நடுவில் கிடைத்த அந்தக் கவலையற்ற பத்து நிமிடத்துக்காகத்தானே நாம் எல்லோரும் தனியாகத் தொழில் செய்ய வருகிறோம்.

நேரத்தை நிகழ்ச்சியாக மாற்றினால் பாதி சிரமம் தீரும் என்பது இதிலிருந்து புரிகிறது. எந்த மாதிரி நிகழ்ச்சி என்பதுதான் அடுத்த கேள்வி. பொம்மை உள்ளே வருவது இங்கேதான்.

டாட் ரோஜர்ஸ், கேத்தரின் மில்க்மன் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு காப்பிக் கடை வருகிறது. செவ்வாய்க்கிழமை வந்த ஐந்நூறு வாடிக்கையாளர்களுக்குத் தள்ளுபடிச் சீட்டு கொடுத்தார்கள். அது வியாழக்கிழமை மட்டுமே செல்லும். பாதிப் பேருக்குச் சீட்டு மட்டும். மறுபாதிப் பேருக்கு, 'வியாழக்கிழமை கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வேற்றுக்கிரகப் பொம்மை உட்கார்ந்திருக்கும், அது உங்களுக்குச் சீட்டை ஞாபகப்படுத்தும்' என்று எழுதி, படமும் போட்டிருந்தார்கள். 'டாய் ஸ்டோரி' படத்தில் வரும் மூன்று கண் பொம்மை அது. வியாழக்கிழமை பொம்மை எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருந்தது. முன்கூட்டிச் சொல்லப்படாதவர்களில் 17 சதவீதம் பேர் சீட்டைப் பயன்படுத்தினார்கள். சொல்லப்பட்டவர்களில் 24 சதவீதம். எல்லோரும் அதே பொம்மையைத்தான் பார்த்தார்கள். ஒரு சாராருக்கு அது வெறும் பொம்மை, மறு சாராருக்கு அதன் வாயில் ஒரு செய்தி இருந்தது. செவ்வாய்க்கிழமை போட்ட முடிச்சு வியாழக்கிழமை அவிழ்ந்தது.

முடிச்சு என்ற சொல் தானாக வரவில்லை. என் அம்மா மறக்கக் கூடாத ஒன்று இருந்தால் முந்தானை நுனியில் சின்ன முடிச்சு போட்டுக்கொள்வார். கை துடைக்க எடுக்கும்போது விரலில் தட்டுப்படும். முடிச்சில் எந்தச் செய்தியும் எழுதியிருக்காது. 'ஏதோ இருக்கிறது' என்று மட்டும் அது சொல்லும். என்ன என்பதை அம்மாதான் எடுக்க வேண்டும். ஒரு கணம் அடுப்பைப் பார்த்து நிற்பார், பிறகு 'சீட்டுப் பணம்' என்பார். ஆய்வாளர்களும் வருங்கால நினைவை இப்படித்தான் இரண்டாகப் பிரிக்கிறார்கள்: ஏதோ செய்ய வேண்டும் என்று உறைப்பது ஒன்று, அது என்ன என்று மீட்பது மற்றொன்று. பெரும்பாலும் முதலாவதுதான் நம்மைக் கைவிடுகிறது. அது உறைத்துவிட்டால் இரண்டாவது தன்னால் வந்து சேரும்.

ஏன் வேடிக்கையான பொருளாக இருக்க வேண்டும்? மேஜையில் பேனா இருக்கிறது, டம்ளர் இருக்கிறது; அவற்றிடம் சொல்லி வைத்தால் ஆகாதா? ஆகாது, ஏனென்றால் அவை ஏற்கெனவே ஆயிரம் காரியத்தோடு பிணைந்திருக்கின்றன. ஐன்ஸ்டைனும் மெக்டேனியலும் பின்னாளில் செய்த சோதனையில், தூண்டுகோலாகக் கொடுத்த சொல் பழக்கமில்லாததாக இருந்தபோதும், சுற்றியிருந்த சொற்களிலிருந்து பளிச்சென்று வேறுபட்டபோதும் மறதி வெகுவாகக் குறைந்தது. இதன் வேர் இன்னும் பழையது. ஒரே மாதிரியான வரிசையில் ஒன்றே ஒன்று மாறுபட்டிருந்தால் அதுதான் மனத்தில் தங்கும் என்று ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்ற ஜெர்மானியப் பெண் 1933இலேயே காட்டினார். மூளையிலும் இதைப் பார்க்கலாம். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்து, நடுவில் எப்போதாவது, நாம் கவனித்துச் சொல்ல வேண்டிய வேறொரு ஒலியைப் போட்டால், தலையில் ஒட்டிய மின்முனைகளில் ஒரு அலை எழும். அந்த ஒலிக்கு ஏறத்தாழ 300 மில்லி விநாடிக்குப் பிறகு அது வருகிறது. வீட்டில் நாற்காலி இடம் மாறியிருந்தால் பூனை நின்று பார்க்குமே, அந்தப் பார்வையின் மனித வடிவம்தான் அது.

ஆக, பொம்மையின் கோமாளித்தனம் ஒப்பனை அல்ல. நினைவூட்டியின் இயந்திரமே அதுதான். மேஜைமேல் இருக்க வேண்டாத பொருளாக இருப்பதால்தான் அது வேலை செய்கிறது. இதே காரணத்தால்தான் சுவரில் ஒட்டும் மஞ்சள் சீட்டுகள் மூன்றாம் நாள் செத்துப்போகின்றன. முதல் நாள் சீட்டு, மூன்றாம் நாள் சுவர். மாறாத எதையும் பின்னணிக்குத் தள்ளிவிடுவது மூளையின் சிக்கனம். அந்தச் சிக்கனம் இல்லாவிட்டால் மின்விசிறிச் சத்தத்தையே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்போம். போன் அலாரத்தின் பிரச்சினை வேறு. அது நேரத்தை அறியும், இடத்தை அறியாது. கை தோசை மாவில் இருக்கும்போது அடிக்கும், முழங்கையால் அணைத்துவிடுவோம். காப்பிக் கடைப் பொம்மை சீட்டை நீட்ட வேண்டிய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

பொம்மையோடு பேசுவது கொஞ்சம் அதிகமாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பேச்சுக்கும் ஒரு வடிவம் இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இதை முப்பது வருடத்துக்கு மேல் ஆராய்ந்தவர். 1997இல் வெளியான ஒரு சோதனையில் மாணவர்களிடம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். விடுமுறைக் கொண்டாட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து எழுத வேண்டும். பாதிப் பேரிடம் மட்டும் கூடுதலாக, எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்பதையும் முன்பே குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படிக் குறித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் நேரத்துக்குள் முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒருவர்தான். ஆசை இரண்டு பக்கமும் ஒன்றுதான். 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் இப்படிப்பட்ட 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் பலன் உறுதியாகத் தெரிந்தது.

'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்பதுதான் அவருடைய வாக்கிய வடிவம். தமிழில் இதற்கு அழகான விகுதியே இருக்கிறது: வந்ததும், பார்த்ததும், முடிந்ததும். 'நாளைக்கு எப்படியாவது பில் அனுப்பணும்' என்பதில் கொக்கி எதுவும் இல்லை. 'பொம்மையை நகர்த்தியதும் பில் அனுப்புவேன்' என்பதில் அந்த 'தும்' ஒரு கொக்கி. வாய்விட்டுச் சொல்லும்போது நான் அந்த விகுதியைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

சுயதொழில்காரர்களின் தலைவலியான முன்கூட்டிய வருமான வரிக்கு இதே வழியில் ஒரு உதவி கிடைத்தது. வருட வரி பத்தாயிரம் ரூபாய் அல்லது அதற்கு மேல் வருமானால், ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கு தவணையில் கட்ட வேண்டும். (எளிய உத்தேசக் கணக்கு முறையைத் தேர்ந்தவர்களுக்கு மார்ச் 15 ஒன்றே போதும்.) நான்கு தேதியும் வெறும் எண்கள், எனக்கு ஒட்டவே இல்லை. ஒருநாள் தினசரிக் காலண்டரைக் கிழிக்கும்போதுதான் கவனித்தேன், நான்குமே தமிழ் மாதப் பிறப்பை ஒட்டி வருகின்றன: ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி. புரட்டாசியும் மார்கழியும் தவணைத் தேதிக்கு ஓரிரு நாள் கழித்துத்தான் பிறக்கும் என்பதால் அவை பிறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும் காலை, தவணை தாண்டிப்போன காலை. அதனால் முன்னோட்டங்களைப் பிடித்துக்கொண்டேன். மார்கழிக்கு, தெருவில் கோலப்பொடி வண்டி பல வண்ணங்களோடு வரத் தொடங்குவது. புரட்டாசிக்கு, 'இனி ஒரு மாதம் கறி கிடையாது' என்ற பேச்சு வீட்டில் முதன்முதலாக எழுவது. கோலப்பொடி வண்டியைப் பார்த்ததும் வரி. கறிப் பேச்சு எழுந்ததும் வரி. தேதி நம்மைத் தேடி வராது. வண்டி வாசலுக்கே வரும்.

தெரு தரும் இன்னொரு உதவியும் உண்டு. கேம்பிரிட்ஜில் டாம் மேன்லியும் உடனிருந்தவர்களும், மூளைக் காயம் பட்ட பத்துப் பேரை வைத்து 2002இல் வெளியிட்ட ஆய்வு அதை எனக்குப் புரியவைத்தது. ஓட்டல் நடத்துவது போன்ற ஒரு சோதனை. கால் மணி நேரத்தில் பல சின்ன வேலைகளையும் மாற்றி மாற்றித் தொட வேண்டும். ஷாலிஸ், பர்ஜெஸ் சோதித்தவர்களைப் போலவே இவர்களும் ஏதோ ஒன்றில் சிக்கிக்கொண்டார்கள். பிறகு, ஒழுங்கில்லாத இடைவெளியில் வெறும் ஒலி ஒன்றை எழுப்பினார்கள். அந்த ஒலிக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. 'கேட்டால் நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று ஒருமுறை யோசியுங்கள்' என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்த ஒலி இருந்தபோது அவர்கள் காயம் இல்லாதவர்களுக்கு நிகராகச் செய்தார்கள். முந்தானை முடிச்சின் செவிவழி வடிவம் என்று இதை நினைக்கிறேன். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. இத்தனை சின்ன ஒன்று ஒரு மனிதருக்கு அவருடைய நாளைத் திருப்பித் தருகிறதே என்ற நெகிழ்ச்சி.

என் தெருவில் இப்படிப்பட்ட ஒலிகள் ஏராளம். கீரைக்காரம்மாவின் குரல், சோன்பப்டி வண்டியின் மணி, கேஸ் சிலிண்டரை இறக்கும்போது எழும் உலோகச் சத்தம். எதுவும் சரியான மணிக்கு வராது, அதுவே நல்லது. ஒரே நேரத்துக்கு வந்தால் அதுவும் சுவராகிவிடும். மணி கேட்டதும் ஒரே ஒரு கேள்வி: நான் இப்போது செய்வது, காலையில் செய்ய உட்கார்ந்ததா? பெரும்பாலும் 'ஆமாம்' என்றே பதில் வரும், வேலை தொடரும். சில நாள் ஒரு சொல்லின் வேரைத் தேடப் போய் எட்டாவது அகராதியில் நின்றுகொண்டிருப்பேன்.

முடிக்காமல் விட்ட வேலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாதியில் நின்ற வேலைதான் அதிகம் ஞாபகம் இருக்கும் என்று ப்ளூமா ஸைகார்னிக் 1927இல் எழுதினார். அது புகழ் பெற்றது. பின்னால் பலர் திரும்பச் செய்துபார்த்தபோது அந்த முடிவு எப்போதும் வரவில்லை. அவருடன் பெர்லினில் அதே ஆசிரியரிடம் ஆய்வு செய்த மரியா ஒவ்சியான்கினா 1928இல் சொன்னது அவ்வளவு புகழ் பெறவில்லை, ஆனால் காலத்தைத் தாங்கி நின்றது: தடுக்கப்பட்ட வேலையை, யாரும் சொல்லாமலே, வாய்ப்புக் கிடைத்ததும் மனிதர்கள் திரும்ப எடுத்துவிடுகிறார்கள். அதனால் பத்தியின் முடிவில் நான் நிறுத்துவதில்லை. அடுத்த வாக்கியம் என்னவென்று தெரிந்திருக்கும்போதே, பாதி வாக்கியத்தில், லேப்டாப்பை மூடுகிறேன். அப்படி விட்ட வாக்கியம் இரவு தூக்கத்தைக் கெடுக்காதா என்று கேட்கலாம். மஸிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011இல் கண்டது, முடியாத காரியம் மனத்தை அரிப்பதை நிறுத்த அதை முடிக்கத் தேவையில்லை, எப்போது எப்படிச் செய்வோம் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே போதும் என்பது. பொம்மையிடம் சொல்லிவிட்டுப் படுத்தால் நன்றாகத் தூக்கம் வருவது இதனால்தான் என்று நம்புகிறேன்.

சென்ற வாரம் காலையில் லேப்டாப்பைத் திறந்து அரைமணி வேலை செய்த பிறகுதான் பொம்மை ஓரமாக நிற்பதைப் பார்த்தேன். எப்போது நகர்த்தினேன் என்றே தெரியவில்லை. ஐந்து மாதத்தில் அதுவும் மேஜையின் ஒரு பகுதியாகிவிட்டது. அதைக் கழுவித் துடைத்து ஹால் அலமாரியில், அதன் பழைய இடத்தில் வைத்துவிட்டேன்; கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப அழைத்தால் மறுபடி புதிதாக இருக்கும்.

இன்றிரவு மூடியின் மேல் பக்கத்து வீட்டுச் சிறுவனிடம் கேட்டு வாங்கிய சிவப்புப் பம்பரம் படுத்திருக்கிறது. சாட்டையும் கூடவே சுற்றியிருக்கிறது. பம்பரத்தை எடுத்ததும் பதினேழாம் அத்தியாயத்தை அனுப்புவேன் என்று சொல்லியாயிற்று.